மைனஸ் கண்ணின் படங்கள்

கண்ணின் உட்புறத்தைப் படம் எடுப்பது என் தொழில். ஃபிலிம் ரோல் காலத்தில் தொடங்கினேன். டிஜிட்டல் வந்தது. இப்போது எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரே படித்து, என்ன குறை என்று சொல்கிறது. செயற்கை நுண்ணறிவு பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அது பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட படங்கள் எப்படி வந்தன, எந்தக் கண்களின் படங்கள் வராமலே போயின என்பதும் எழுதப்பட வேண்டும். என் அக்கறை கிட்டப்பார்வை உள்ள இளம் பிள்ளைகளின் கண்கள்மேல். எங்கள் தொழிலில் ரொம்ப காலம் கவனிக்கப்படாமல் கிடந்தவை அவைதான்.

நம் வீடுகளில் கிட்டப்பார்வையை ஒரு நோயாக எண்ணும் பழக்கம் இல்லை. போர்டில் எழுதுவது தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறோம். மைனஸ் இரண்டு, அப்புறம் மூன்று, கல்லூரி முடிக்கும்போது ஆறோ ஏழோ. கண்ணாடி போட்டால் கடைசி வரிவரை படிக்கிறான்; அதோடு விஷயம் முடிந்தது. ஆனால் வளரும் பிள்ளைக்குப் பவர் ஏறுகிறது என்றால் பெரும்பாலும் கண் நீண்டுகொண்டு போகிறது என்று அர்த்தம். சாதாரணக் கண் முன்புறத்திலிருந்து பின்சுவர்வரை ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் கூடினால் இரண்டரையிலிருந்து மூன்று பவர்வரை மைனஸ் ஏறும். 26 மில்லிமீட்டரைத் தாண்டிய கண்ணில் விழித்திரை இழுபட்டு நிற்கிறது. அதன் ஓரங்களில் நைந்துபோன திட்டுகள் இருக்கலாம். நாங்கள் லேட்டிஸ் என்போம். சில சமயம் சிறு ஓட்டைகளும் இருக்கும். ஓட்டை வழியாக நீர் புகுந்து விழித்திரை பின்சுவரை விட்டுப் பிரிந்தால் இருபத்தைந்து வயதிலும் பார்வை போகும். கண்ணாடியால் வெளிச்சத்தைச் சரியான இடத்தில் விழவைக்க முடியும். நீண்ட கண்ணைக் குறுக்க முடியாது.

கிட்டப்பார்வைக் கண் நீண்ட கண் என்பது உறுதியானது 1850களில்தான். ஃபெர்டினாண்ட் ஃபான் ஆர்ல்ட் என்ற ஆஸ்திரிய மருத்துவர் இறந்தவர்களின் கண்களை அறுத்துப் பார்த்துச் சொன்னார். உயிரோடிருப்பவரின் கண்ணுக்குள் பார்க்கும் வழி அப்போதுதான் பிறந்திருந்தது. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஹெல்ம்ஹோல்ட்ஸ், 29 வயதில், சில கண்ணாடித் தகடுகளையும் ஒரு லென்சையும் வைத்து ஒரு சின்னக் கருவி செய்தார். 1851இல் அதைப் பற்றிய நூலை வெளியிட்டார். நோயாளியின் கண்ணுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வரும் வெளிச்சத்தைத் தன் கண்ணால் பிடிப்பது. அவ்வளவுதான் ஆஃப்தால்மோஸ்கோப். கண்ணின் உட்புறத்தைப் படம் எடுக்கும் இன்றைய எந்த ஃபண்டஸ் கேமராவையும் பிரித்துப் பார்த்தால் அடியில் இந்தத் தத்துவம்தான் இருக்கும்.

பார்ப்பது ஒரு வேலை, பார்த்ததை வைத்துக்கொள்வது வேறு வேலை. முதலில் கைதான் அதைச் செய்தது. கண் மருத்துவர் லீப்ரைக் 1863இல் விழித்திரை ஓவியங்களைத் தொகுத்து அட்லஸ் போட்டார். வியன்னாவில் எட்வர்ட் ஃபான் யேகர் ஒரே கண்ணைப் பல அமர்வுகளில் பார்த்துப் பார்த்து வரைந்து, 1869இல் தன் அட்லஸை வெளியிட்டார். அந்தப் படங்களின் அச்சுப் பிரதிகளைப் பார்த்திருக்கிறேன். ரத்தக்குழாய் எங்கே பிரிகிறது, எங்கே மடங்குகிறது என்பதில் ஒரு மயிரிழை பிசகாத கை. என் தொழிலின் மூதாதைகள் என்று நான் வணங்குவது இவர்களைத்தான்.

அதே காலத்தில், 1867இல், பிரெஸ்லாவ் நகரில் ஹெர்மன் கோன் என்ற கண் மருத்துவர் 10,060 பள்ளிப் பிள்ளைகளின் பார்வையைச் சோதித்துக் கணக்கு வெளியிட்டார். கிராமப் பள்ளிகளில் கிட்டப்பார்வை உள்ளவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் ஜிம்னாசியம் பள்ளிகளில் நாலில் ஒருவர். படிப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வையும் ஏறுகிறது என்று 150 ஆண்டுக்கு முன்பே எண்ணிச் சொல்லிவிட்டார். பெஞ்சு உயரத்தையும் வகுப்பறை வெளிச்சத்தையும் திருத்தச் சொல்லிப் போராடினார். ஆனால் அவர் எண்ணியது பார்வையை. கண்ணுக்குள் என்ன நடந்தது என்று அத்தனை பிள்ளைகளுக்கும் வரைந்துவைக்க யாராலும் முடிந்திருக்காது.

போட்டோ எடுக்கும் முயற்சி 1886இல் இங்கிலாந்தில் ஓரளவு கைகூடியது. ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர் கேமராவை நோயாளியின் தலையோடு சேர்த்துப் பொருத்தி, இரண்டரை நிமிடம் வெளிச்சம் காட்டிப் படம் பிடித்தார்கள். ‘சிமிட்டாதீங்க’ என்று சொல்லி முடிப்பதற்குள் சிமிட்டிவிடும் கண்களோடு காலம் கழித்தவன் நான். இரண்டரை நிமிடம் கண்ணை அசைக்காமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதரை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. படத்தில், பார்வை நரம்பு கண்ணோடு சேரும் இடமான நரம்புத் தட்டும் சில ரத்தக்குழாய்களும் மங்கலாகத் தெரிந்தன. 1926இல் சுவீடனின் நோர்டென்சன் வடிவமைத்த கேமராவை ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கார்பன் ஆர்க் விளக்கு, நொடிக்கும் குறைவான எக்ஸ்போஷர். 1950களில் எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் வந்தபிறகுதான் இது ஆஸ்பத்திரியின் அன்றாட வேலையாக மாறியது.

ஆனால் இந்தக் கேமராக்கள் எல்லாம் நடுப்பகுதியைத்தான் பார்த்தன. முதலில் 30 டிகிரிவரை, பிற்பாடு 45, 50. இளம் மைனஸ் கண்ணின் ஆபத்து ஓரத்தில் இருக்கிறது. விழித்திரை பிரிவதற்குக் காரணம் ஓட்டைதான், அந்த ஓட்டையை அடைத்தால்தான் கண் பிழைக்கும் என்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஜூல் கோனன் 1920களில் நிரூபித்தார். அதற்குமுன் விழித்திரை பிரிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குருடானார்கள். ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியைத் தந்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஷெப்பன்ஸ். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடமிருந்து தப்பி, வேறு பெயரில் பிரான்சின் பிரனீஸ் மலையடியில் மரம் அறுக்கும் மில் நடத்துபவராக வாழ்ந்து, எல்லை தாண்டி ஆட்களை ஸ்பெயினுக்கு அனுப்பியவர் அவர். பிடிபடும் நிலை வந்ததும் தானும் மலையைக் கடந்து லண்டன் போனார். அங்கே தலையில் மாட்டிக்கொண்டு இரு கண்ணாலும் பார்க்கும் ஆஃப்தால்மோஸ்கோப்பைச் செய்தார். இன்றைக்கும் விழித்திரை பார்க்கும் ரெட்டினா டாக்டர் நெற்றியில் விளக்கோடு வந்து, படுக்கவைத்து, கீழே பார் மேலே பார் என்று சொல்கிறாரே, அது அவர் தந்தது. அதில் தெரிவதை டாக்டர் நோட்டில் சிவப்பு, நீல பென்சிலால் வரைந்துவைப்பார். போட்டோ வந்து அறுபது, எழுபது ஆண்டுக்குப் பிறகும் ஓரத்துக்குப் பென்சில்தான்.

நான் சேர்ந்தபோது எங்கள் அறையில் இரண்டு வேலை நடந்தது. ஒன்று, கலர் ஸ்லைடு. மற்றொன்று ஆஞ்சியோ: கை நரம்பில் ஃபுளோரசின் சாயத்தைச் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நொடிக்கொன்றாகப் பிடிப்பது. அமெரிக்காவின் இந்தியானாவில் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் கண்டுபிடித்த முறை. ஆல்விஸ் தன் கையிலேயே சாயத்தை ஏற்றிக்கொண்டார். கண் மருத்துவ இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்ப, 1961இல் இதய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. சாயம் ஏறிய எட்டு, பத்து நொடியில் முதல் வெளிச்சம் தெரியும். அதற்குள் ஃபோகஸ் சரியாக இருக்க வேண்டும். நோயாளிக்குக் குமட்டும். ‘சார், ஒண்ணுக்கு மஞ்சளாப் போகுது’ என்று மறுநாள் வந்து பயந்து சொல்வார்கள். ஃபிலிமைக் கழுவிக் கிளிப்பில் மாட்டிக் காயவைத்து, ஈரம் உலர்ந்தபிறகுதான் நல்ல படமா, வீணா என்பது தெரியும்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் அதிகம் பேசமாட்டார். மைனஸ் கண் வந்தால் மட்டும் பக்கத்தில் வந்து நிற்பார். அதிலே கேமராவின் பவர் குமிழை மைனஸ் பக்கம் திருப்ப வேண்டும்; இல்லாவிட்டால் ஃபோகஸே நிற்காது. பின்சுவர் பிதுங்கிய கண்ணில் நரம்புத் தட்டு தெளிவாக இருக்கும்போது அதன் பக்கத்தில் உள்ள இடம் கலங்கியிருக்கும்; அதைத் தெளிவாக்கினால் இது கலங்கும். ‘ரெண்டு படமா எடு தம்பி, ஒண்ணிலே எல்லாம் வராது’ என்பார். விழித்திரை மெலிந்ததால் அடியிலுள்ள குழாய்கள் வேங்கைத்தோல் வரிபோலத் தெரியும். நரம்புத் தட்டு சாய்ந்து, அதன் ஓரத்தில் வெள்ளைப் பிறை இருக்கும். அந்தச் சாய்வைக் கண்டு, பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமாவோ என்று சந்தேகப்பட்ட டாக்டர்கள் உண்டு. 1991இல் அறிமுகமான, விழித்திரை அடுக்குகளை அளக்கும் ஓ.சி.டி. ஸ்கேனிலும் இதே சிக்கல்தான். அதன் ஒப்பீட்டுப் பட்டியல் சாதாரணக் கண்களை வைத்துப் போட்டது. நீண்ட கண்ணின் நரம்பு அடுக்கு மெலிந்து தெரிந்தால் உடனே எச்சரிக்கைச் சிவப்பு காட்டும். நோயில்லாத பிள்ளை சொட்டு மருந்தோடு வீட்டுக்குப் போகும்.

இப்படிச் சிரமம் தரும் கண் என்பதாலேயே பல ஆய்வுகளில் அதிகப் பவர் உள்ளவர்களை முதலிலேயே கழித்துவிடுவார்கள். சர்க்கரை நோயாளியின் படம் வருடாவருடம் எடுக்கப்பட்டது, ஃபைலில் சேர்ந்தது. கிட்டப்பார்வைப் பிள்ளையின் படம் எடுக்கப்படவே இல்லை, எடுத்தாலும் தங்கவில்லை. நான் வேலைபார்த்த ஓர் ஆஸ்பத்திரி புதுக் கட்டிடத்துக்கு மாறியபோது, பெட்டி பெட்டியாக இருந்த ஸ்லைடுகளைப் பூஞ்சை பிடித்தது என்று சொல்லிக் குப்பைக்கு அனுப்பினார்கள். பூஞ்சை பிடித்தது உண்மைதான். எல்லாவற்றையும் பிடிக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அதிகக் கிட்டப்பார்வைக்கென்றே ஒரு தனிப் பிரிவு 1970களிலிருந்து நடந்துவந்தது. வந்தவர்களைத் திரும்ப வரச்சொல்லி, அதே கண்ணை ஆண்டுக்கணக்கில் படம் எடுத்து அடுக்கினார்கள். 2010இல் அந்தப் படங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது: 429 பேரின் 806 கண்கள், குறைந்தது 5 ஆண்டு, சிலருக்கு 32 ஆண்டுவரை தொடர்ந்தவை. ஏறத்தாழ பத்தில் நான்கு கண்கள் மோசமாகிக்கொண்டு போயிருந்தன. வேங்கை வரி எப்போது மங்கிய மஞ்சளாகிறது, அந்த மஞ்சளில் எப்போது வெள்ளைத் திட்டு விழுகிறது என்ற வரிசை அதில்தான் தெளிவானது. 2015இல் அந்தப் பிரிவின் கியோகோ ஓனோ-மட்சுயியும் பல நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து, 0 முதல் 4 வரை ஐந்து படிகளாக வகுத்தார்கள். உலகெங்கும் கம்ப்யூட்டருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணைப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தப் படிகளை வைத்துத்தான். ஒரு படத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததன் பலன் இது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஓரத்தைப் படம் எடுக்கும் வழியும் ஒரு பிள்ளையின் இழப்பிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் டக்ளஸ் ஆண்டர்சன் என்பவரின் மகன் ஐந்து வயதில் விழித்திரை பிரிந்து ஒரு கண்ணின் பார்வையை இழந்தான். சோதனைகள் நடந்தும் ஓரம் தெரியாததால் நேரத்தில் பிடிபடவில்லை. குழந்தைக்குக் கஷ்டமில்லாமல் முழு விழித்திரையையும் பார்க்க ஒரு கருவி வேண்டும் என்று கிளம்பிய அந்தத் தந்தை 1992இல் ஆப்டோஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நீள்வட்டக் கண்ணாடியும் லேசரும் கொண்டு, ஒரே சொடுக்கில் 200 டிகிரி. விழித்திரையில் நூற்றுக்கு 80 பாகத்துக்கு மேல் ஒரே படத்தில் விழுந்தது. இமைமயிரின் நிழல் கீழ்ப்பக்கத்தை மறைக்கும். அதை விரலால் தூக்கிப் பிடிக்கத் தெரிய வேண்டும். ஆனாலும் பென்சில் படத்துக்கு மாற்று ஒன்று கைக்கு வந்தது.

அதற்குள் பிள்ளைகளின் எண்ணிக்கை எங்கோ போய்விட்டது. 2010இல் சியோலில் ராணுவ மருத்துவச் சோதனைக்கு வந்த 19 வயது இளைஞர்கள் 23,616 பேரைச் சோதித்ததில் 96.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் மைனஸ் ஆறையும் தாண்டியவர்கள். இருபது வயதோடு கண் வளர்வது நின்றுவிடும் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிவந்தோம். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில், பிறந்ததிலிருந்து தொடர்ந்துவரும் ரெய்ன் ஆய்வுக் குழுவினர் 20 வயதிலும் 28 வயதிலும் கண்களை அளந்தார்கள். இருபதில் கிட்டப்பார்வை இல்லாமல் இருந்தவர்களில் 14 சதவீதம் பேருக்கு இருபத்தெட்டுக்குள் வந்திருந்தது.

கம்ப்யூட்டர் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016இல் கூகிள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களை வைத்துச் சர்க்கரை நோய் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் நிரலை வெளியிட்டார்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா படங்களும் அந்த ஆய்வில் உண்டு. ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்துக் குறித்தார்கள். மொத்தம் 54 பேர். அந்தக் குறிப்புதான் கம்ப்யூட்டரின் பாடப்புத்தகம். 2017இல் ஜப்பானின் ட்சுகாசாகி மருத்துவமனைக் குழு 831 அகலப் படங்களைக் கொண்டு, பிரிந்த விழித்திரையை நூற்றில் 97க்குக் குறையாமல் அடையாளம் காண வைத்தது. 2021இல் சிங்கப்பூர்க் குழு, இந்தியா, சீனா, தைவான் உட்படப் பல நாடுகளிலிருந்து 2,26,686 படங்களைச் சேர்த்து, அதிகக் கிட்டப்பார்வையையும் அதனால் வரும் நடுத்திரைச் சிதைவையும் கண்டறியும் நிரலைச் செய்தது.

என்னை அசைத்துவிட்டது 2018இல் வந்த ஒரு நிரல். வெறும் ஃபண்டஸ் படத்தைப் பார்த்து, இந்தக் கண்ணுக்குக் கண்ணாடிப் பவர் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஒரு படத் தொகுப்பில் சராசரியாக 0.56 பவர்தான் பிசகு. நானும் படத்தைப் பார்த்து, இது மைனஸ் கண் என்று சொல்வேன். வெள்ளைப் பிறையையும் வேங்கை வரியையும் வைத்துச் சொல்வேன். கம்ப்யூட்டர் எங்கே பார்த்தது என்று கிளறியபோது, அது பார்வையின் மையக்குழியைப் பார்த்திருந்தது. இத்தனை காலம் நாங்கள் ஃபோகஸ் மட்டும் சரிபார்த்துவிட்டுக் கடந்துபோன இடத்தில், கண்ணின் நீளத்தைச் சொல்லும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

அந்த நிரல் கற்ற படங்களில் ஒரு பகுதி பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் என்ற தொகுப்பிலிருந்து வந்தது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் 40 முதல் 69 வயதுக்காரர்கள். மற்றவை பொதுவாக அதைவிட மூத்தவர்களின் படங்கள். இருபது வயதுக் கண் படத்தில் வேறு மாதிரி இருக்கும். விழித்திரையின் மேற்பரப்பு ஈரப்பட்டுபோல் மினுங்கும், ஃபிளாஷ் அடித்தால் வெள்ளை வளைவுகளாகத் திருப்பி அடிக்கும். புது டெக்னீஷியன் அதைப் பார்த்து வீக்கம் என்று பயப்படுவதுண்டு. மனிதருக்கே அப்படியென்றால், மூத்தவர்களின் படங்களை மட்டும் பார்த்துக் கற்ற நிரல் இளம் கண்ணில் தடுமாறும் என்றே எதிர்பார்க்க வேண்டும். அதனால்தான் இளைஞர்களின் படங்களை வைத்தே இளைஞர்களுக்கான நிரல் செய்ய வேண்டும் என்கிறேன். படம் எடுக்கும்போதே கண்ணின் நீளத்தையும் அளந்து கூடவே எழுதிவைக்க வேண்டும். நீண்ட கண்ணில் ஒரே அளவுத் திட்டு படத்தில் சின்னதாக விழும்.

இந்த வேலைக்குத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் குறைவு. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியின் வரலாறு 1819இல் தொடங்குகிறது. சர்க்கரை நோய்ப் படங்களைக் குறித்துப் பழகிய கைகள் மதுரையிலும் சென்னையிலும் இருக்கின்றன. பிள்ளைகளும் தாங்களாகவே வருகிறார்கள்: கல்யாணத்துக்கு முன்னால் கண்ணாடியை எடுத்துவிட லேசிக் செய்துகொள்ள வருகிற பெண்கள், போலீஸ் தேர்வுக்காக வருகிற பையன்கள். லேசிக்குக்கு முன் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் வழக்கம் இருப்பதால்தான் பலருடைய ஓட்டை பிடிபடுகிறது, லேசர் வைத்து அடைக்கப்படுகிறது. லேசிக் கருவிழியைத்தான் சீவுகிறது; கண்ணாடி போனபிறகும் கண்ணின் நீளம் அப்படியே இருக்கும், ஓரத்தின் ஆபத்தும் அப்படியே இருக்கும். ‘எனக்குத்தான் பவர் போயிடுச்சே அண்ணே, இன்னும் எதுக்கு செக்கப்?’ என்று கேட்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லித்தான் உட்காரவைக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் மைனஸ் ஆறோ அதற்கு மேலோ உள்ள பிள்ளை இருந்தால், லேசிக் செய்திருந்தாலும் சரி, ஆண்டுக்கொருமுறை சொட்டு மருந்து விட்டு ரெட்டினாவின் ஓரம்வரை பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று கண்ணுக்குள் மின்னல் அடித்தாலோ, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்கியதுபோல் மறைத்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். கம்ப்யூட்டர் ‘குறையில்லை’ என்று சொன்ன படம் கையில் இருந்தாலும் போக வேண்டும். எடுத்த படத்தைப் பிரிண்டாக மட்டும் வாங்காமல், ஃபைலாகக் கேட்டு வாங்கித் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பத்தாண்டு கழித்து அந்தக் கண்ணைப் பார்க்கப்போகிற டாக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.